ஒரு தீவு, இரு தேசங்கள்

ஒரு தேசம் செழித்தோங்க, அதன் அயலிலுள்ள மற்றொரு தேசம் வறுமையில் ஆழ்ந்து கிடப்பது ஏன் என்னும் வினா, சரித்திரம் பயில்வோர்க்கும் பொருளாதார நூல் பயில்வோர்க்கும் நெடுநாளாக எழுந்துவருவதொன்றாகும். இதற்குச் சாதாரணமாகக் கூறப்படும் விடைகள் மூன்று. நிலவளமே காரணம் என்பர் சிலர். அவ்வத்தேசத்து மக்களின் பிறவிக்குணமே காரணம் என்பர் வேறு சிலர். விதி வலிது என்று கூறி அமைவர் இன்னுஞ் சிலர். இம்மூன்றனுள் முதலாவது ஓரளவுக்கே உண்மை, இரண்டாவது பொய், மூன்றாவது விடையே அன்று. இதனை ஓர் உதாரணங்கொண்டு ஈண்டு விளக்க முயல்வோம்.

இரசாயன சாலையில் ஒரு பொருளின் தன்மையை அறிய விரும்பும் மாணவன், ஏனைய யாவற்றையும் ஒரே நிலையில் நிறுத்தி ஒன்றைமட்டும் மாற்றிப் பார்க்கின்றான். தேசங்களை அங்ஙனம் கண்ணாடிக் குடுவையில் இட்டுச் சோதித்தல் இயலாது. எனினும் அத்தகைய சோதனைக்கு அணித்தாக வரும் இடம் ஒன்று உலகப் படத்தில் உண்டு. அது கியூபாவுக்குக் கிழக்கே, அட்லாண்டிக் மாகடலுக்கும் கரிபியன் கடலுக்கும் இடையே கிடக்கும் ஹிஸ்பானியோலா என்னும் தீவு. அதன் பரப்பு ஏறக்குறைய 29,400 சதுர மைல். இலங்கையினும் சற்றுப் பெரியது. அதன் மேற்குப் பகுதி ஹைட்டி என்னும் குடியரசு. பரப்பு சுமார் 10,700 சதுர மைல். கிழக்குப் பகுதி டொமினிக்கக் குடியரசு; பரப்பு சுமார் 18,700 சதுர மைல். ஒவ்வொன்றிலும் ஜனத்தொகை ஏறக்குறைய ஒரு கோடியே பத்து இலட்சம். இரண்டிற்கும் கடல் ஒன்று. வீசும் புயல் ஒன்று. நடுங்கும் நிலமும் ஒன்றே.

ஆயினும் வாழ்வு ஒன்றன்று. 2023-ம் ஆண்டுக் கணக்கின்படி டொமினிக்கக் குடியரசில் தலைக்கு வரும் சராசரி வருமானம் 10,000 டாலருக்கு மேற்பட்டது. ஹைட்டியில் அது 2,000 டாலரை எட்டவில்லை. கிழக்கே பிறக்கும் குழந்தை ஏறக்குறைய 74 வயது வரையில் வாழ்தல் கூடும் என்று கணிக்கப்படுகின்றது; மேற்கே பிறக்கும் குழந்தைக்கோ அது ஏறக்குறைய 64 தான். கிழக்கே வயது வந்தோருள் பதின்மரில் ஒன்பதின்மருக்கு மேல் எழுத்தறிந்தோர். மேற்கே பதின்மரில் அறுவரளவினரே. எல்லைக்கோட்டின் மேல் விமானத்திற் பறப்போர்க்குச் சில இடங்களில் ஒருபுறம் பசுங்காடும் மறுபுறம் வெறுங்குன்றும் கத்தி கொண்டு வகுத்தாற்போலத் தோன்றுகின்றன. இவ்வேற்றுமை எப்பொழுது, எவ்வாறு உண்டாயிற்று?

நிலமும் மழையும்

முதற்கண் நிலத்தின் பங்கை நேர்மையாக அளந்துவிடுவோம். இத்தீவுக்கு மழையைக் கொணரும் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வீசுவது. தீவின் நடுவே, கிழக்குத் தேசத்தின் எல்லைக்குள், 10,000 அடிக்கு மேற்பட்ட சிகரத்தையுடைய மலைத்தொடர் நிற்கின்றது. காற்று தன் நீரிற் பெரும்பங்கை அங்கே பொழிந்துவிட்டு மேற்கே வறண்டு செல்கின்றது. மேலும், ஹைட்டியிற் சமவெளி சிறிது, மலைச்சரிவே பெரிது. பழங்குடிகளாகிய தைனோ மக்களின் மொழியில் 'ஹைட்டி' என்னும் சொல்லுக்கே மலைநாடு என்பது பொருள். கிழக்கிலோ சிபாவோ என்னும் அகன்ற பள்ளத்தாக்கு தடித்த கரிசல் மண் நிறைந்து கிடக்கின்றது. ஆகவே, இயற்கை கிழக்கிற்குச் சிறிது அதிகமாகவே அளித்தது என்பது மெய்.

ஆனால் இதுவே முழுக் காரணமாயின், மேற்குப் பகுதி என்றும் வறியதாகவே இருந்திருத்தல் வேண்டும். சரித்திரம் கூறுவதோ இதற்கு நேர்மாறானது. 1789-ம் ஆண்டில் இத்தீவின் மேற்குப் பகுதியே ஐரோப்பியர் கைப்பற்றியிருந்த குடியேற்றங்கள் யாவற்றினும் அதிக வருவாய் தந்தது. ஐரோப்பா உண்ட சர்க்கரையில் நூற்றுக்கு நாற்பது பங்கும், காப்பியிற் பாதிக்கு மேற்பட்ட பங்கும் அங்கிருந்தே சென்றன. கிழக்குப் பகுதி அப்பொழுது மாடு மேய்ப்போர் சிலரும் பாழடைந்த பட்டினங்கள் சிலவும் உள்ள ஏழை நாடு. மண்ணும் மழையும் அன்றும் இன்றும் அவையே. செல்வமும் வறுமையும் இடம் மாறிவிட்டன. எனவே, காரணத்தை மண்ணில் மட்டும் தேடுதல் கூடாது.

செல்வத்தின் அடித்தளம்

1492-ம் ஆண்டில் கொலம்பஸ் இத்தீவில் இறங்கினார். அரை நூற்றாண்டுக்குள், சுரங்க வேலையாலும், வாளாலும், புதிய நோய்களாலும் தைனோ மக்கள் பெரும்பாலும் அழிந்தொழிந்தனர். பின்பு ஸ்பானியர் பொன்னை நாடி மெக்ஸிகோவுக்கும் பெருவுக்கும் சென்றமையால் தீவு கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1605, 1606-ம் ஆண்டுகளில், அந்நியரோடு கள்ள வியாபாரம் நடத்துகின்றனர் என்னும் காரணம்பற்றி, வடக்கு மேற்குக் கரையோரத்துக் குடிகளைத் தலைநகருக்கு அருகே வந்து குடியேறுமாறு ஸ்பானிய அதிகாரிகள் பலவந்தம் செய்தனர். காலியான கரையில் பிரெஞ்சுக்காரர் குடிபுகுந்தனர். 1697-ம் ஆண்டு ரிஸ்விக் உடன்படிக்கையால் மேற்கு மூன்றிலொரு பங்கு பிரான்ஸுக்கு உரியதாயிற்று. ஓர் அரசாங்கம் தன் குடிகளையே பெயர்த்தெறிந்த செயலே, தீவு இரண்டானதற்கு முதல் வித்து.

பிரெஞ்சுக் குடியேற்றத்தின் செல்வம் யாருடைய உழைப்பால் விளைந்தது? 1789-ல் அங்கே ஏறக்குறைய ஐந்து இலட்சம் ஆப்பிரிக்க அடிமைகள் இருந்தனர். வெள்ளையர் நாற்பதினாயிரவருக்கு உட்பட்டோரே. அடிமைகளுள் மூன்றில் இரண்டு பங்கினர் ஆப்பிரிக்காவிற் பிறந்தோர் என்பதை நோக்குக. இதன் பொருள் யாது? கொண்டுவரப்பட்டோர் விரைவில் மாண்டனர். மாண்டோர் இடத்தை நிரப்பக் கப்பல் கப்பலாகப் புதியோர் கொண்டுவரப்பட்டனர் என்பதே. ஒரு மனிதனைப் பேணி வளர்ப்பதினும் அவனைச் சில ஆண்டுகளில் உழைத்து மாயச்செய்து வேறொருவனை வாங்குதல் இலாபம் என்று கணக்கிட்ட ஒரு முறையே அது. அம்முறை குடிகளுக்குப் பள்ளிகளை விட்டுச்செல்லவில்லை. நீதி ஸ்தலங்களை விட்டுச்செல்லவில்லை. தம்மைத் தாமே ஆளும் பழக்கத்தையும் விட்டுச்செல்லவில்லை. விட்டுச்சென்றது, கரும்பாலும் காப்பியாலும் சாரமிழந்த நிலமும், மரம் குறைந்த மலைகளுமே.

விடுதலையும் அதன் விலையும்

1791-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். முன்னர் அடிமையாய் இருந்த டூசான் லூவெர்ச்சூர் என்பார் அவர்களை ஒழுங்குபட்ட சேனையாக்கினார். 1802-ல் நெப்போலியன் அனுப்பிய பெருஞ்சேனை அவரைப் பிடித்துப் பிரான்ஸில் ஒரு குளிர்மலைக் கோட்டையில் அடைத்தது; 1803-ல் அவர் ஆங்கே உயிர் நீத்தார். ஆயினும் அவருடைய தோழர்கள் போரைக் கைவிடவில்லை. மஞ்சட்காய்ச்சலும் அவர்களுக்குத் துணைநின்றது. 1804-ம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று டெஸ்ஸாலின் என்னும் தளபதி ஹைட்டியின் சுதந்தரத்தைப் பறைசாற்றினார். அடிமைகள் தாமே எழுந்து அடிமைத்தனத்தை ஒழித்து ஒரு தேசத்தை நிறுவியது உலக சரித்திரத்தில் இஃதொன்றே. இம்மக்களையே பிறவியிற் சோம்பர் என்றும், ஆளத் தகுதியற்றோர் என்றும் பிற்காலத்தார் எழுதினர். நெப்போலியனது சேனையை வென்றோர் பிறவிக்குணத்தாற் கீழோர் என்பது எவ்வாறு பொருந்தும்?

அந்த வெற்றியை உலகம் மன்னிக்கவில்லை. அடிமைகளை உடைய தேசங்கள் யாவும் ஹைட்டியைத் தீயைக் கண்டாற்போல் அஞ்சின. அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1862 வரையில் அதனை ஒரு தேசமாக அங்கீகரிக்கவேயில்லை. பிரெஞ்சுக்காரர் மீண்டும் வருவர் என்னும் அச்சத்தால் வடபுலத்து அரசர் கிறிஸ்தோப் மலையுச்சியில் மாபெருங் கோட்டை எழுப்பினார். பள்ளிக்கும் பாதைக்கும் செல்லவேண்டிய பொருளும் உழைப்பும் கல்லிலும் பீரங்கியிலும் கரைந்தன. 1804-ல் எஞ்சியிருந்த பிரெஞ்சுக்காரரைப் பெரும்பாலும் கொன்றொழித்த கொடுமையும் ஹைட்டியின் பெயரைக் கெடுத்தது. இதனை மறைத்தல் நேர்மையன்று.

இவற்றினும் பெருஞ்சுமை 1825-ம் ஆண்டில் வந்தது. பிரெஞ்சு அரசர் பத்தாம் சார்ல்ஸ் பதினான்கு போர்க்கப்பல்களைத் துறைமுகத்துக்கு அனுப்பி, 15 கோடி பிராங்க் செலுத்தினால் ஹைட்டியின் சுதந்தரத்தை ஒப்புக்கொள்வதாக அறிவித்தார். தோட்டங்களையும் அடிமைகளையும் இழந்த பழைய எஜமானர்களுக்கு நஷ்ட ஈடாம் அது. அடிமைப்பட்டிருந்தோர் தம்மை அடிமை கொண்டோர்க்கு விலை கொடுக்கவேண்டும் என்பதே இதன் பொருள். ஜனாதிபதி புவாயே இணங்கினார். முதல் தவணைக்கே கருவூலத்திற் பணமில்லை. ஆதலின் பிரெஞ்சு வங்கியாரிடம் 3 கோடி பிராங்க் கடன் பெறப்பட்டது. அதில் 60 இலட்சத்தை வங்கியார் தரகாகப் பிடித்துக்கொண்டு 2 கோடியே 40 இலட்சமே கொடுத்தனர். 1838-ல் மொத்தத் தொகை 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. எனினும் ஈட்டுத்தொகை ஒருபுறமும், அதற்காக வாங்கிய கடனின் வட்டி மறுபுறமுமாகக் குருவி தலையிற் பனங்காய் வைத்தாற்போல் இச்சுமை அமைந்தது. ஒரு கடனைத் தீர்க்க மறுகடன் வாங்கும் வழக்கம் நீண்டு, அத்தொடரின் கடைசித் தவணை 1947-ம் ஆண்டில்தான் நியூயார்க்கு வங்கிக்குச் செலுத்தப்பட்டது. இப்பணம் எங்கிருந்து வந்தது? குடியானவன் முதுகிற் சுமந்து வந்த காப்பி மூட்டையின்மேல் விதித்த ஏற்றுமதி வரியிலிருந்தே வந்தது.

குடியானவன் அரசாங்கத்தை அறிந்தது இவ்வரியால் மட்டுமே. ஆதலின் அவன் மலைமேல் ஒதுங்கித் தன் சிறு நிலத்தை உழுதுகொண்டு அரசாங்கத்தினின்றும் விலகியிருப்பதே சுதந்தரம் என்று கொண்டான். அந்நிலமும் சந்ததிதோறும் பிரிவுபட்டுச் சரிவின் மேல் மேலே ஏறிற்று. நகரத்தார் பிரெஞ்சு மொழி பேசினர். நாட்டார் அனைவரும் பேசியது கிரியோல். சட்டமும், பத்திரமும், பாடப்புத்தகமும் நூற்றுக்கு மிகச் சிலரே அறிந்த மொழியில் இருந்தன. 1860-ம் ஆண்டு ரோமாபுரிச் சபையுடன் உடன்படிக்கை ஏற்பட்ட பின்பு பிரெஞ்சுக் குருமார் வந்து நல்ல கலாசாலைகளை நிறுவினர்; அவையும் பெரும்பாலும் பிரெஞ்சிலேயே கற்பித்து நகரத்தாரையே உயர்த்தின. கிரியோல் மொழி பிரெஞ்சுக்குச் சமமான ஆட்சிமொழியானது 1987-ம் ஆண்டில்தான். இக்காலத்தும் அங்குள்ள பள்ளிகளுள் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை தனியாராலும் சபைகளாலும் நடத்தப்படுவனவே. மிஷன் கலாசாலை ஒன்றில் பயிலும் நாம் இதனைச் சிந்தித்தல் தகும். சபைகள் பள்ளி நடத்துதல் நற்செயலே. ஆயின் அரசாங்கம் தன் கடமையை அவற்றினிடம் விட்டுவிட்டு அகன்றுகொள்ளுமிடத்து, கட்டணம் செலுத்த இயலாத குழந்தை வாயிற்படியிலேயே நின்றுவிடுகின்றது.

கிழக்குத் தேசம் பிறந்தது

புவாயே 1822-ல் கிழக்குப் பகுதியையும் கைப்பற்றினார்; இருபத்திரண்டு ஆண்டுகள் அது ஹைட்டியின் ஆட்சியில் இருந்தது. பிரெஞ்சுக்காரருக்குச் செலுத்தவேண்டிய ஈட்டின் பாரம் கிழக்கத்தியார் மீதும் சுமத்தப்பட்டது. மொழி வேறு, வழக்கம் வேறு, வரியோ பொது என்ற நிலையில் வெறுப்பு மூண்டது. 1844-ம் ஆண்டு பெப்ருவரி 27-ம் தேதி கிழக்குப் பகுதி ஹைட்டியினின்றும் பிரிந்து டொமினிக்கக் குடியரசாயிற்று. அதன் வரலாறும் இனிமையானதன்று. 1861 முதல் 1865 வரையில் மீண்டும் ஸ்பெயினுக்கு அடங்கிற்று, பின்பு தலைவர் பலர் ஒருவரையொருவர் வீழ்த்தினர், கடனும் மிகுந்தது. 1915 முதல் 1934 வரையில் ஹைட்டியையும், 1916 முதல் 1924 வரையில் டொமினிக்கக் குடியரசையும் அமெரிக்கப் படைகள் கைக்கொண்டு ஆண்டன. இரு தேசங்களின் சுங்க வருமானமும் அமெரிக்கர் மேற்பார்வையில் கடனுக்கே முதலிற் சென்றது.

அமெரிக்கர் பயிற்றிய படையிலிருந்து எழுந்தவனே துருஹீயோ. 1930 முதல் 1961-ல் சுட்டுக் கொல்லப்படும் வரையில் அவன் டொமினிக்கக் குடியரசைத் தன் சொந்தப் பண்ணையெனக் கொண்டு ஆண்டான். 1937-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், எல்லைப்புறத்தில் வாழ்ந்த ஹைட்டியரைக் கொல்லுமாறு தன் படைக்குக் கட்டளையிட்டான். மாண்டோர் பல்லாயிரவர். ஒருவகைக் கீரையின் ஸ்பானியப் பெயரைச் சொல்லச்செய்து, அதிலுள்ள ரகரத்தைச் சரியாக ஒலிக்க அறியாதவரை ஹைட்டியர் எனப் பிரித்தறிந்தனர் என்பர். நியாயாதிபதிகள் ஆகமத்தில் யோர்தான் துறையில் 'ஷிபோலேத்' என்னும் சொல்லால் நேர்ந்த கொலையை நம்முட் பலர் வாசித்திருப்பர். அஃது இருபதாம் நூற்றாண்டிலும் ஓர் ஆற்றங்கரையில் நிகழ்ந்தது. இதற்கு ஈடாக 7,50,000 டாலர் தருவதாக உடன்பட்டு, முடிவில் 5,25,000 டாலரே கொடுக்கப்பட்டது.

பாதை பிரிந்த இடம்

இனிக் கூறப்போவது இவ்விஷயத்தின் உயிர்நிலை. இத்துணைத் துன்பங்களுக்குப் பின்னரும், 1960-ம் ஆண்டில் இரு தேசங்களின் தலைவருமானமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. சர்வதேச நாணய நிதியத்தைச் சார்ந்த ஆராய்ச்சியாளர் 2007-ல் வெளியிட்ட கணக்கின்படி, விலைவாசி வேற்றுமையை நீக்கிப் பார்க்குமிடத்து, இரண்டிலும் அது 800 டாலருக்குச் சற்றுக் குறைவு. 2005-ல் கிழக்கே அது மும்மடங்காகி 2,500 டாலரை அடைந்தது. மேற்கே பாதியாகக் குறைந்து சுமார் 430 டாலராயிற்று. எனவே, இன்று காணும் பெரும்பிளவு பண்டைக் காலத்ததன்று. ஒரு மனிதனின் ஆயுட்காலத்துக்குள் உண்டானது. பழைய சுமைகள் ஹைட்டியை வலியிழக்கச் செய்தன. ஆயின் விழச்செய்தது பின் நிகழ்ந்தவையே.

1957-ல் ஹைட்டியில் ஆட்சிக்கு வந்த வைத்தியர் பிரான்ஸ்வா டூவாலியே 1964-ல் தம்மை ஆயுட்கால ஜனாதிபதியாக்கிக்கொண்டார். சேனையை நம்பாமல் தமக்கெனக் கொலைக் கும்பல் ஒன்றை வளர்த்தார். ஆசிரியரும், வைத்தியரும், பொறியியல் அறிஞரும் கூட்டங் கூட்டமாக நாட்டைவிட்டு ஓடினர். அவர்களுட் பலர் கனடாவின் கியூபெக் மாகாணத்திலும் ஆப்பிரிக்காவின் கொங்கோ நாட்டிலும் நற்பணி ஆற்றினர். தம் நாட்டில் வாழவொட்டாத மக்கள் பிறநாட்டிற் சிறந்து விளங்கியது பிறவிக்குணம் பேசுவோர்க்குத் தக்க மறுமொழி. 1971-ல் தந்தை இறக்கவே, பத்தொன்பது வயதுடைய மகன் ஜான் கிளாட் பட்டத்துக்கு வந்தான். 1986-ல் குடிகள் எழுந்தமையாற் பிரான்ஸுக்கு ஓடினான். இருபத்தொன்பது ஆண்டுகளில் தந்தையும் மகனும் கருவூலத்தை மட்டுமன்று, சர்க்கார் என்னும் அமைப்பையே வெறுமையாக்கிவிட்டனர்.

டொமினிக்கக் குடியரசிலும் துருஹீயோவுக்குப் பின் நல்லாட்சி மலர்ந்துவிடவில்லை. 1962-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஹுவான் போஷ் 1963-லேயே சேனையால் வீழ்த்தப்பட்டார். 1965-ல் உள்நாட்டுப் போர் மூண்டது. அமெரிக்கச் சேனை மீண்டும் இறங்கிற்று. 1966-ல் அதிகாரத்துக்கு வந்த பலகேர் துருஹீயோவின் பழைய ஊழியர். எதிர்த்தோர் பலர் அவர் ஆட்சியில் மாண்டனர். ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. துருஹீயோவின் ஆலைகளும் நிலங்களும் அவன் இறந்தபின் தேசத்தின் உடைமையாயின. பலகேர் அணைகளும் பாதைகளும் அமைத்தார். 1969-ல் லா ரொமானா என்னுமிடத்தில் ஏற்றுமதித் தொழிற்சாலைகளுக்கெனத் தனிப்பகுதி திறக்கப்பட்டது. கடற்கரைகளில் உல்லாச யாத்திரிகர் தொழில் வளர்ந்தது. எல்லாவற்றினும் முக்கியமானது 1978-ல் நிகழ்ந்தது. தேர்தலில் தோற்ற பலகேரின் பக்கத்தார் வாக்கு எண்ணுதலைத் தடுக்க முயன்றனர். உள்நாட்டு எதிர்ப்பாலும் வெளிநாட்டு வற்புறுத்தலாலும் அது பலிக்கவில்லை. பதவி வென்றவரிடம் ஒப்படைக்கப்பட்டது. தோற்றவன் வீட்டுக்குச் செல்வான், மறுமுறை மீண்டும் போட்டியிடலாம் என்னும் வழக்கம் வேரூன்றியது. ஹைட்டியில் இவ்வழக்கம் வேரூன்றவில்லை. 1990-ல் பெருவாரியான வாக்குப்பெற்ற அரிஸ்டீட் 1991-ல் சேனையால் விரட்டப்பட்டார். அதன் பயனாக வந்த வியாபாரத் தடை 1994 வரையில் நாட்டை நலித்தது. 1994-ல் மீண்டு வந்தும் 2004-ல் மீண்டும் வெளியேறினார்.

அடுப்பும் காடும்

சிறு விஷயம்போற் தோன்றும் ஒன்றையும் காட்டுவோம். ஹைட்டியின் குடும்பங்கள் பெரும்பாலும் மரக்கரியாலேயே சமைக்கின்றன. ஏழைக் குடியானவனுக்கு மழை பொய்த்த ஆண்டில் கைக்கு எட்டும் காசு கரி சுட்டு விற்பதே. அவன் மரத்தை வெட்டுவது அறியாமையாலன்று; வேறு வழியின்மையால். கிழக்கேயோ, 1967-ம் ஆண்டு முதல் வியாபார நோக்கோடு மரம் வெட்டுதல் தடுக்கப்பட்டு, காவல் சேனையிடம் ஒப்படைக்கப்பட்டது. கொடிய முறையே எனினும் காடு பிழைத்தது. பின்பு சர்க்கார் சமையல் வாயுவுக்கு உதவித்தொகை அளித்தமையால் கரியடுப்பின் தேவையே குறைந்தது. தடை மட்டும் விதித்து மாற்று வழி காட்டாதிருந்தால் காடு நிலைத்திராது. இன்று கிழக்குத் தேசத்தில் ஐந்தில் இரண்டு பங்கு காடு. மேற்கே தோப்பும் புதரும் ஆங்காங்கு உளவேனும், பழைய இயற்கைக் காடு நூற்றில் ஒரு பங்குகூட எஞ்சவில்லை.

இதன் விளைவைப் புயல் அளந்து காட்டிற்று. 2004-ம் ஆண்டு செப்டம்பரில் 'ஜீன்' என்னும் புயல் முதலிற் டொமினிக்கக் குடியரசின்மேல் நேராக மோதியது. அங்கு மாண்டோர் முப்பதின்மரும் இல்லை. ஹைட்டியின் வடபுறத்தே அது மழையை மட்டும் பொழிந்து சென்றது. கொனாயீவ் நகரைச் சூழ்ந்த வெறுங்குன்றுகளிலிருந்து சேறும் வெள்ளமும் இறங்கி மூவாயிரவர் மாண்டனர்.

2010-ம் ஆண்டு ஜனவரி 12-ம் தேதி ஹைட்டியின் தலைநகராகிய போர்ட்-ஓ-பிரின்ஸை அடுத்து 7.0 அளவுள்ள பூகம்பம் உண்டாயிற்று. மாண்டோர் ஓர் இலட்சத்துக்குக் குறையார். மூன்று இலட்சத்துக்கு மேல் என்றது அந்நாட்டுச் சர்க்கார். அடுத்த மாதம் சில்லி தேசத்தில் 8.8 அளவுள்ள மிகப் பெரிய பூகம்பத்தில் மாண்டோர் ஏறக்குறைய ஐந்நூற்றுவரே. நடுங்கும் நிலத்துக்கேற்பக் கட்டடம் எழுப்பும் சட்டமும், அச்சட்டத்தைக் கைக்கூலி வாங்காமல் நிறைவேற்றும் உத்தியோகஸ்தரும் சில்லியில் இருந்தனர்.

உதவி என்னும் பெயரால் வந்த தீங்கும் உண்டு. 1995-ல் ஹைட்டி அரிசிமேல் விதித்திருந்த இறக்குமதித் தீர்வையை நூற்றுக்கு மூன்றாகக் குறைக்குமாறு செய்யப்பட்டது. சர்க்கார் உதவிபெற்று விளைந்த அமெரிக்க அரிசி மலிவாகக் குவிந்தது; உள்நாட்டு நெற்குடியானவர் நொடிந்தனர். இக்கொள்கை தவறென்று 2010-ல் முன்னாள் ஜனாதிபதி கிளின்டனே அமெரிக்கப் பிரதிநிதிகளின் முன் ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு அக்டோபரில், ஐக்கிய நாடுகளின் அமைதிப் படை முகாமிலிருந்து ஆற்றில் கலந்த கழிவால் வாந்திபேதி பரவி, பின்வந்த ஆண்டுகளில் ஏறக்குறைய பதினாயிரவரைக் கொன்றது. அதே நோய் எல்லையைக் கடந்து கிழக்கேயும் சென்றது. நல்ல நீரும் வைத்தியசாலையும் அங்கிருந்தமையால் இழப்பு சில நூறு உயிர்களோடு நின்றது.

2021-ம் ஆண்டு ஜூலையில் ஜனாதிபதி மொயீஸ் தம் இல்லத்திலேயே கொல்லப்பட்டார். 2024-ல் தலைநகரின் பெரும்பகுதி ஆயுதக் கும்பல்களின் கைக்குட்பட்டது. அரசாங்கம் இல்லாத இடத்தில் வலியோனே அரசன் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

கிழக்கின் குறை

இவற்றைக் கூறியதுகொண்டு டொமினிக்கக் குடியரசை மாசற்றதாக எவரும் கருதவேண்டா. அதன் கரும்புத் தோட்டங்களில் நெடுங்காலம் கரும்பு வெட்டியோரும், கட்டடங்களுக்குக் கல் சுமந்தோரும் பெரும்பாலும் ஹைட்டியரே. தோட்டத்துச் சேரிகளில் அவர்களுடைய பிள்ளைகள் ஆவணமின்றி வளர்ந்தனர். 2013-ம் ஆண்டு செப்டம்பரில் அத்தேசத்து அரசியற்சட்ட நீதிமன்றம், முறையான குடியேற்ற உரிமையற்ற பெற்றோர்க்கு 1929-க்குப் பின் அங்கே பிறந்தோர் குடியுரிமைக்கு உரியரல்லர் எனத் தீர்த்தது. மூன்று தலைமுறையாக அம்மண்ணிலேயே வாழ்ந்தோர் ஒரு நாளில் நாடற்றோராயினர். 2014-ல் ஒரு சட்டம் சிலருக்குப் பரிகாரம் அளித்ததேனும் பலர் துயர் நீங்கவில்லை. செல்வவான் வாயிலில் கிடந்த லாசருவின் கதையை அறிந்தோர்க்கு இதனை விரித்துரைத்தல் மிகை. அயலானின் வறுமையிலிருந்து மலிவான உழைப்பைப் பெற்றுக்கொண்டு, அவ்வறுமைக்காகவே அவனை இகழ்தல் தனிமனிதருக்கு மட்டுமன்றித் தேசங்களுக்கும் உரிய பாவமே.

முடிவுரை

நாம் ஆராய்ந்தவற்றைத் தொகுத்து நோக்கின், ஹைட்டியின் வறுமைக்குக் காரணம் ஒன்றன்று என்பதும், ஆனால் ஒவ்வொன்றும் மனிதர் செய்ததே என்பதும் விளங்கும். மலையும் மழைக்குறைவும் இயற்கையின் பங்கு. ஏனைய யாவும் யாரோ சிலர், ஏதோ ஓர் ஆண்டில், கையொப்பமிட்டுச் செய்த செயல்களின் பயன். நஷ்ட ஈடு கேட்டவர் உண்டு. தரகு பிடித்தவர் உண்டு. ஆசிரியரைத் துரத்தியவர் உண்டு. தீர்வையைக் குறைத்தவர் உண்டு. இவ்வாறே கிழக்கின் உயர்வும் வானினின்று விழுந்ததன்று. காடு காத்ததும், வாயு அடுப்பு தந்ததும், தோற்றபொழுது பதவியை விட்டகன்றதும் மனிதர் செயல்களே. அவற்றைச் செய்தோர் எல்லாரும் நல்லோருமல்லர்.

ஆதலின், வறிய நாட்டையோ, வறிய வகுப்பாரையோ, வறிய கிராமத்தையோ காணுமிடத்து, 'இவர்கள் இத்தன்மையரே' என்று கூறி அமைவது கற்றோர்க்கு அழகன்று. இவர்களுக்கு என்ன நேர்ந்தது, எந்த ஆண்டில் நேர்ந்தது, எவரால் நேர்ந்தது, எந்த வழி அடைக்கப்பட்டது என்று வினவுதலே கல்வியின் பயன். நம் கலாசாலையினின்றும் வெளியேறும் மாணவருட் சிலர் நாளை வரி விதிக்கும் அதிகாரிகளாவர். சிலர் கட்டட வரைபடத்துக்கு அனுமதி அளிப்பர். சிலர் பள்ளி நடத்துவர். சிலர் கடன் பத்திரம் எழுதுவர். 1960-ல் ஒரு நிலையில் நின்ற இரு தேசங்களை ஐம்பது ஆண்டுகளுக்குள் இத்துணைத் தூரம் பிரித்தவை, பெரும்பாலும் இத்தகைய உத்தியோகங்களில் நாள்தோறும் செய்யப்பட்ட செயல்களும் செய்யாது விடப்பட்ட செயல்களுமே என்பதை அவர்கள் மறவாதிருப்பார்களாக.